இடங்கை வலங்கை: இன்டு மார்க் பற்றிய ஓர் ஆய்வு

கணினித் திரையில் சாளரத்தை மூட உதவும் இன்டு மார்க் இடப்பக்கம் இருக்க வேண்டுமா, வலப்பக்கமா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட ஆய்வுச் சிக்கல். இதனை எக்ஸ் என்பாரும், பெருக்கல் குறி என்பாரும், மூடு பொத்தான் என்பாரும் உளர். முதலிரண்டும் வடிவம் பற்றி வந்த பெயர்கள். மூன்றாவது தொழில் பற்றி வந்தது. என் மாமனார் இன்டு மார்க் என்றுதான் சொல்வார். முப்பத்தோராண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்பதால் கட்டுரை முழுவதும் அவர் வழக்கே கொள்ளப்படுகிறது.

1984-இல் வந்த மெக்கின்டோஷில் மூடும் கட்டம் இடப்பக்கம் இருந்தது. விண்டோஸ் 3.1-இலும் இடது மூலைப் பெட்டியை இருமுறை சொடுக்கித்தான் சாளரத்தை மூடினோம். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்து, இன்டு மார்க்கை வலது மூலையில் நட்டு, உலகத்தாரின் கையை அந்தப் பக்கம் பழக்கியது. லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் பிறந்தது அதற்கடுத்த ஆண்டுகளில்தான். 1996-இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ-யைத் தொடங்கினார். அதற்கு ஆதாரமான க்யூடி நிரல்தொகுதியின் உரிமம் முழுச் சுதந்திரம் தருவதாக இல்லை என்று 1997-இல் மிகேல் தெ இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் குனோமைத் தொடங்கினார்கள். இரு வீட்டாருக்கும் அன்று முதல் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஆனால் இன்டு மார்க் வலப்பக்கம் என்பதில் இருவரும் ஒரே கட்சி. தமிழ்நாட்டில் கூட்டணிகள் இதைவிடக் குறைந்த ஒற்றுமையில் அமைந்திருக்கின்றன.

இந்த அமைதி 2010-இல் குலைந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு லினக்ஸ் 10.04-இல் சிறிதாக்கல், பெரிதாக்கல், மூடல் என்னும் மூன்று பொத்தான்களும் இரவோடிரவாக இடப்பக்கம் போய் நின்றன. வெளியீட்டுக்கு முன்பே, மார்ச்சிலேயே, கூச்சல் தொடங்கிவிட்டது. உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த், இது ஜனநாயகம் அல்ல, வடிவமைப்பில் வாக்கெடுப்பு கிடையாது என்ற பொருளில் பதிலளித்தார். வலப்பக்கத்தைக் காலி செய்து அங்கே ‘விண்டிகேட்டர்’ என்னும் புதிய குறிகளை வைக்கப்போகிறோம் என்று மே மாதத்தில் காரணமும் வந்தது. அந்தக் குறிகளைக் காண நான் கொடுத்துவைக்கவில்லை. விருந்தாளி வருகிறார் என்று ஊஞ்சலைக் கழற்றி வைத்தோம். விருந்தாளி வரவில்லை, ஊஞ்சலும் போயிற்று.

இவ்விடத்தில் சென்னை வரலாறு நினைக்கத்தக்கது. 1707-இல், தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது, சாதிக் கட்சிகளான இடங்கையாருக்கும் வலங்கையாருக்கும் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று பெருஞ்சண்டை மூண்டது. மனம் கசந்த வலங்கையார் பலர் ஊரை விட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். 2010-இலும் அதுவே நடந்தது. உபுண்டு 10.04-ஐ அடித்தளமாகக் கொண்டே மே மாதத்தில் வந்த லினக்ஸ் மின்ட் 9, பொத்தான்களை வலப்பக்கமே வைத்திருந்தது. கசந்தவர்களுக்கு மின்ட் சாந்தோம் ஆயிற்று.

சண்டையின் பருப்பொருள் எவ்வளவு என்பதையும் அளந்து சொல்வது ஆய்வாளன் கடமை. குனோமில் இந்த அமைப்பு முழுவதும் ஒரே வரியில் அடங்கும்: மினிமைஸ், மேக்ஸிமைஸ், க்ளோஸ் என்று மூன்று சொற்கள், கூடவே ஒரு முக்காற்புள்ளி. புள்ளிக்கு முன்னால் எழுதியவை திரையில் இடப்பக்கம் தோன்றும். பின்னால் எழுதியவை வலப்பக்கம். வரியின் தலையில் புள்ளி வைத்தால் வலங்கை, வாலில் வைத்தால் இடங்கை. டெர்மினலைத் திறந்து மாற்ற அரை நிமிடம் போதும். கேடிஇ-யில் அதுவும் வேண்டாம். பொத்தான்களை எலியால் பிடித்திழுத்து விரும்பிய பக்கம் போட்டுக்கொள்ளலாம். (அதற்கான அமைப்புப் பக்கத்துக்குள் இன்டு மார்க்கை மாற்றப் போனவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்துவிட்டு, சாளரங்கள் அசைந்தாடி மறையும் விந்தையோடு வெளியே வந்தேன். இன்டு மார்க் இருந்த இடத்திலேயே இருந்தது.)

அற்றேல், அரை நிமிடத்தில் மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லார்க்கும் இருக்க, மாதக்கணக்கில் சண்டையிட்டது என்னை எனின், கூறுதும். தன் வீட்டில் மாற்றிக்கொள்வதல்ல வழக்கு. யாரும் மாற்றாதவரை எல்லார் திரையிலும் நிற்கும் டிஃபால்ட் யாருடையது என்பதே வழக்கு. 1707-இலும் நடப்பதற்குத் தெரு இல்லாமல் யாரும் தவிக்கவில்லை. டிஃபால்ட் என்பது தேரோடும் வீதி. உங்கள் சந்துக்குள் நீங்கள் சாமி தூக்கிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தால் எந்தக் கட்சிக்குத்தான் திருப்தி வரும்?

இடப்பக்கமே அறிவியலுக்கு உகந்தது என்று ஒரு சாரார் 1954-ஆம் ஆண்டின் ஃபிட்ஸ் விதியைக் காட்டுவர். இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவில் சென்றடையும் என்பது அவ்விதி. மெனுக்கள் இடப்பக்கம் இருப்பதால் இன்டு மார்க்கும் அங்கேயே இருந்தால் அம்பு அலைய வேண்டாம் என்பது அவர் கூற்று. அது பொருந்தாது. ஃபைல் மெனுவைத் தொடப் போன அம்பு பக்கத்திலேயே இருக்கும் இன்டு மார்க்கைத் தொட்டுவிடும். சேமிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்போம். இவ்வகையில் நான் இழந்தவற்றுள் ஒரு கல்யாணச் செலவுக் கணக்கும் அடக்கம். அடுக்களையில் உப்பு டப்பாவையும் சோடா உப்பு டப்பாவையும் அருகருகே வைத்தால் கைக்கு எட்டும் என்பது உண்மைதான், சாம்பார்தான் எட்டாது.

இரு கட்சியிலும் சேராதோரும் உளர். எலிமென்டரி ஓஎஸ் என்னும் லினக்ஸ் மூடும் பொத்தானை இடப்பக்கமும் பெரிதாக்கும் பொத்தானை வலப்பக்கமும் வைத்து இரு கையாருக்கும் தாம்பூலம் கொடுத்தது. 2011 ஏப்ரலில் வந்த குனோம் 3 வேறு வழி கண்டது: சிறிதாக்குவதும் பெரிதாக்குவதும் டிஃபால்ட்டில் எடுபட்டு, இன்டு மார்க் மட்டும் தனியே நின்றது. பழைய குனோமை விட மனமில்லாத அர்ஜென்டினாக்காரர் ஒருவர் அதைக் கிளை பிரித்து, தங்கள் ஊர் மூலிகை பானத்தின் பெயரால் மாட்டே என்று அழைத்தார். பில்டர் காபி என்று நம்மவர் ஒன்று தொடங்காதது என் நெடுநாள் வருத்தம். இப்போதோ பல செயலிகள் தங்கள் தலைப்புப் பட்டையைத் தாங்களே வரைந்துகொள்கின்றன. இடங்கை என்று நாம் அமைத்த திரையில் ஏதோ ஒன்று மட்டும் வலங்கையாக நின்று முறைக்கும்.

கள ஆய்வு கும்பகோணத்தில் நிகழ்த்தப்பட்டது. 2010-இல் மாமனாரின் கணினியில் உபுண்டு 10.04 நிறுவிவிட்டு ஊர் திரும்பினேன். மறுநாள் காலை தொலைபேசி.

“மாப்ளே, இன்டு மார்க்கைக் காணோமே. கையோட எடுத்துட்டுப் போயிட்டீங்களா?”

“இல்ல மாமா, இடப்பக்கம் பாருங்க.”

சற்று நேரம் சத்தமில்லை. “சரி. மூணு இன்டு நாலும் நாலு இன்டு மூணும் ஒண்ணுதான். பெருக்கலுக்குப் பரிமாற்றுப் பண்பு உண்டு. எந்தப் பக்கம் இருந்தா என்ன!”

இணைய உலகம் மாதக்கணக்கில் முடிக்க முடியாத வழக்கை அவர் ஒரு நிமிடத்தில் முடித்துவைத்தார். நான்கு நாளில் கையும் பழகிவிட்டது என்று மாமியார் சாட்சி சொன்னார்.

2017 ஏப்ரலில் ஷட்டில்வொர்த், குனோமை விட்டு இடையில் கைக்கொண்ட தங்கள் யூனிட்டி டெஸ்க்டாப்பைக் கைவிட்டுக் குனோமுக்கே திரும்புவதாக அறிவித்தார். அக்டோபரில் வந்த 17.10-இல் பொத்தான்கள் ஏழரை ஆண்டு கழித்து வலப்பக்கம் திரும்பின. ஏழரை என்ற எண் சோதிடர்களின் ஆய்வுக்குரியது. இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 2018 ஆடியில் மாமனாரின் கணினியில் 18.04 போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் தொலைபேசி.

“மாப்ளே, இன்டு மார்க் திரும்பவும் ஓடிப்போச்சு.”

“வலப்பக்கம் இருக்கும் மாமா. நீங்கதானே பரிமாற்றுப் பண்பு சொன்னீங்க?”

“அது பெருக்கலுக்கு. கழித்தலுக்குக் கிடையாது. நான் பழகின எட்டு வருஷத்தை நீங்க கழிச்சுட்டுப் போயிருக்கீங்க.”

அடுத்த வாரம் கும்பகோணம் சென்று, டெர்மினலைத் திறந்து, முக்காற்புள்ளியை வரியின் வாலுக்கு நகர்த்தினேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.