ஆண்டாள் பேட்டி எடுத்த நத்தை

கடல் பிராணி ஒன்றை உட்காரவைத்துப் பேட்டி எடுத்த முதல் ஆள், கடலே இல்லாத ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. நாச்சியார் திருமொழியில் ஏழாவது திருமொழி முழுக்க ஆண்டாள் சங்கோடுதான் பேசுகிறாள். மாதவன் வாய் எப்படி மணக்கும், கற்பூரம் மாதிரியா தாமரை மாதிரியா, ருசி என்ன என்று துருவித் துருவிக் கேட்கிறாள். சங்கு வாயே திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? அது நத்தை. எட்டாம் நூற்றாண்டா ஒன்பதா என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிற காலத்தில் கேட்ட கேள்வி. பதில் இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

அந்த நிலுவையை வசூலிக்கத்தான் 1985 மே மாதம் எங்கள் அப்பத்தா கிளம்பினாள்.

அப்பத்தா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். வாக்கப்பட்டது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ராஜபாளையம். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவள் ஊரில் 192 அடிக் கோபுரம். அரசாங்க முத்திரையில் இருப்பது அதுதான் என்பது எங்கள் பக்கத்துச் சத்தியம். மதுரைக்காரர்கள் வேறு மாதிரி சத்தியம் செய்வார்கள். எங்கள் ஊரில் உசந்தது மில் புகைபோக்கி. அவள் ஊரில் பால்கோவா, எங்கள் ஊரில் நாய். அவள் ஊரில் சங்கு என்றால் பாஞ்சசன்னியம். எங்கள் ஊரில் சங்கு என்றால் ஷிப்டு மாறும்போது மில்லில் அலறுவது. பெருமாள் கையில் இருக்கவேண்டியதைக் கொண்டுபோய் வேலைக்கு நேரமாச்சு என்று சொல்ல வைத்துவிட்டீர்களே என்பது அவளுடைய நாற்பது வருஷத்து வழக்கு.

"ஏலேய், சங்கு பொறந்த எடத்த ஒருதரம் பாத்துட்டுக் கண்ண மூடணும்டா" என்றாள்.

புத்தியுள்ளவன் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போவான். சங்கு குளிக்கிறதே அங்கேதான். கொற்கைக் காலத்திலிருந்து முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி முங்கி எழுகிற கடல். சித்தப்பா புத்தியுள்ளவர்தான், ஆனால் அதை விடுமுறை நாட்களில் பயன்படுத்துவதில்லை. "தூத்துக்குடிக்கு பஸ்ல போனா பஸ்ல போனதுதாம்மா. கொல்லத்துக்கு ரயில்ல போனா மலை, குகை, பாலம், பள்ளத்தாக்கு, கடைசியில கடல். ஒரே டிக்கெட்டு!"

ஒரே டிக்கெட் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது. புளியோதரை கட்டியாச்சு. கடல்காரர்களுக்குக் கொடுக்க ஒரு கிலோ பால்கோவா. அவர்கள் ஏன் பால்கோவா வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ரயில் சங்கரன்கோவிலைத் தாண்டும் முன்பே சித்தப்பா சரித்திரத்தை ஆரம்பித்துவிட்டார். வெள்ளைக்காரன் நம் பருத்திக்காகத்தான் இந்தத் தண்டவாளத்தைப் போட்டான், அப்படியே மலைக்குள்ளும் நீட்டினான் என்பது அவர் கட்சி. நடந்தது தலைகீழ். செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் போகிற பாதை 1904 நவம்பரிலேயே திறந்தாச்சு. விருதுநகரிலிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை வந்தது 1927இல். அதாவது, வெள்ளைக்காரன் யானைக்கும் கருங்குரங்குக்கும் முதலில் ரயில் விட்டான். இருபத்து மூன்று வருஷம் யோசித்து, போனால் போகிறது என்று நமக்கும் விட்டான்.

அதைவிட வேடிக்கை கொல்லம் பக்கத்தில். கொல்லத்திலிருந்து புனலூருக்கு 1904 ஜூனிலேயே வண்டி ஓடிவிட்டது. மலைப்பாதை திறந்தது நவம்பரில். அப்படியானால் ஜூனில் ஓடிய எஞ்சின் எந்த வழியாக வந்தது? தண்டவாளத்தில் வந்திருக்க முடியாது. துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக் கொல்லத்தில் இறக்கினார்கள், அங்கிருந்து மாட்டுவண்டியில் போனது என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள். நீராவி எஞ்சின், தொழில்புரட்சியின் மூத்த பிள்ளை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாட்டுவண்டியில் வந்து இறங்குகிறது. மாட்டுக்கு அன்று எவ்வளவு கர்வமாக இருந்திருக்கும்!

செங்கோட்டையில் வண்டி நெடுநேரம் நின்றது. அந்த ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான். 1750இல் மார்த்தாண்ட வர்மா ராஜ்ஜியத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, நான் வெறும் தாசன் என்று சொல்லிவிட்டார். வரி கேட்பவரை மட்டும் மக்கள் பார்க்கலாம், முதலாளியைக் கேள்வி கேட்க முடியாது. நிர்வாகத்தில் இதைவிடச் சாமர்த்தியம் நான் பார்த்ததில்லை. முதலாளி கையில் சங்கு இருக்கிறதல்லவா, ராஜ்ஜியத்தின் முத்திரையும் சங்கு. இந்த மலைப்பாதைக்குத் திருவிதாங்கூர், மதராஸ் அரசாங்கம், தென்னிந்திய ரயில்வே கம்பெனி என்று மூன்று பேர் கைகோத்தார்கள். அப்போது மூலம் திருநாள் மகாராஜா. "இனிமே சங்கு ராஜ்ஜியம்மா" என்று சித்தப்பா சொன்னதும் அப்பத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், சம்பந்தி வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி.

பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டினார்கள். முன்னது இழுக்க, பின்னது தள்ள, வண்டி ஏறியது. எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் நடப்பது அப்படித்தான் என்பதால் எனக்கு அது புதுமையாகத் தெரியவில்லை. பகவதிபுரம் தாண்டிக் குகை. ஜன்னலை இறக்குங்கள் என்று பழகினவர்கள் கத்தினார்கள். சித்தப்பா இறக்கவில்லை, அனுபவிக்க வேண்டுமாம். அனுபவித்தார். ஆரியங்காவில் வெளிச்சம் வந்தபோது அவர் வெள்ளைச் சட்டை கரிச்சட்டையாக இருந்தது.

ஆனால் குகைக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். இந்தப் பக்கம் பொட்டல், பனை, புழுதி. நடுவில் இருட்டு. அப்புறம் திடீரென்று பச்சை, கீழே பள்ளம், பள்ளத்தில் ஓடையின் சத்தம். கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் நடுவில் பதிமூன்று கண் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. நூறு மீட்டர் நீளம், எல்லாம் கருங்கல் வளைவு. 2010இல் மீட்டர்கேஜை மூடி, 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள்; அந்தக் கல்தூண்கள் அதையும் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அப்பத்தா ஒரே ஒரு கருத்துச் சொன்னாள்: "இம்புட்டுத் தண்ணி கீழ போகுது, ஒருத்தனும் குடம் வைக்கல."

கொல்லத்தில் கடலைப் பார்த்தபோதும் அவளுக்குக் குடம்தான் ஞாபகம் வந்தது. கும்பிட்டாள். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வச்சுக்கிட்டே இல்லங்கிறியே, நல்லாயிருப்பியா?" என்று அரபிக்கடலைப் பார்த்து நேராகக் கேட்டாள். கரிசல்காட்டுக்காரி கடலை வேறு எப்படி நலம் விசாரிப்பாள்?

தங்கசேரிக் கலங்கரை விளக்கம் 1902இல் கட்டியது. சித்தப்பா அதை டச்சுக்காரன் கட்டியது என்று பக்கத்தில் நின்ற நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது தண்ணீரில் கறுப்பாக ஒரு முதுகு எழுந்து விழுந்தது. இன்னொன்று.

"திமிங்கிலம்! எல்லாரும் பின்னால வாங்க!"

வலையை உதறிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "டால்பின்" என்றார். மத்திக் கூட்டத்தைத் துரத்தி வந்திருக்கும் போல. எங்கள் குடும்பம் இரண்டு நாள் சம்பளத்தைச் செலவழித்து, ஒரு மலையைத் தாண்டி வந்து நிற்பதை அவை சட்டை செய்யவில்லை. ஐந்து நிமிஷம். சாப்பாடு வேறு பக்கம் நகர்ந்தது, அவையும் நகர்ந்துவிட்டன.

துணிப்பையோடு ஒருவர் வந்தார். பைக்குள் வலம்புரிச் சங்கு. சாதாரணச் சங்கு லட்சம் எடுத்தால் ஒன்று அப்படி அமையும் என்றார், எழுபத்தைந்து ரூபாய் என்றார். லட்சத்தில் ஒன்று எழுபத்தைந்து ரூபாய்க்கு எப்படிக் கட்டும் என்று சித்தப்பா கேட்கவில்லை. அறுபதுக்குத் தருவீர்களா என்று கேட்டார். வலம்புரி விஷயத்தில் ஒரு கூத்து உண்டு. நாம் சங்கின் கூம்பைக் கீழே பார்க்கப் பிடித்து, வாய் வலப்பக்கம் திறந்தால் வலம்புரி என்போம். விலங்கியல்காரர்கள் கூம்பை மேலே வைத்துப் பார்ப்பவர்கள். அதே சங்கு அவர்களுக்கு இடம்புரி. அமெரிக்கக் கரையில் ஒருவகைச் சங்கு பிறவியிலேயே அப்படித்தான் சுற்றிக்கொண்டு கூடை கூடையாகக் கிடைக்கிறது. எங்கள் பூஜை அலமாரிக்கு வந்தது அந்த வெளிநாட்டு உறவுக்காரன் என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தது.

வாங்கின கையோடு சித்தப்பா ஊதினார். கன்னம் உப்பியது, கண் சிவந்தது, சத்தம் வரவில்லை. கூம்பு முனையை அறுத்துத் துளைவிட்டால்தான் சங்கு ஊதும். அவர் ஊதியது ஓடு.

நானும் சும்மா இருக்கவில்லை. பாறை இடுக்கில் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு சங்கு கிடைத்தது. புளியோதரை காலியான தூக்குவாளியில் கொஞ்சம் கடல்தண்ணீரோடு போட்டு மூடினேன். உள்ளே குடியிருப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

திரும்பி வருகிற வண்டியில், ஆரியங்காவு தாண்டிக் குகை. இந்தமுறை சித்தப்பா முதல் ஆளாக ஜன்னலை இறக்கினார். கும்மிருட்டு. எஞ்சின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து காதை அடைத்தது. அதற்கு மேலே ஒரு குரல்.

"ஏலேய், மடியில என்னமோ நடக்குதுடா!"

"பாம்பு!" என்றது யாரோ. யார் என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் குரல் சித்தப்பாவுடையது. இருட்டில் பெட்டி முழுக்கப் பலகை மேல் ஏறியது. யாருடைய கால் யாருடைய மடியில் என்ற கணக்கே இல்லை. ஒரு குழந்தை மட்டும் சிரித்தது.

வெளிச்சம் வந்தது. பகவதிபுரம். எல்லோரும் மேலே தொங்கிக்கொண்டிருக்க, அப்பத்தா ஒருத்திதான் கீழே உட்கார்ந்திருந்தாள். வாளி மூடி திறந்து கிடந்தது. அவள் மடியில் என்னுடைய சங்கு நடந்துகொண்டிருந்தது. நத்தை போன வீட்டில் குடியேறுகிற நண்டு. சொந்த ஓடு கிடையாது, யாராவது காலிசெய்த சங்கில் வாடகை இல்லாமல் இருக்கும். இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு, சங்குக்குக் கால் முளைத்திருந்தது, அவ்வளவுதான்.

அப்பத்தா பயப்படவில்லை. இரண்டு விரலால் எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். "எங்கூர்க்காரி அன்னைக்கு அத்தன தடவ கேட்டாளே. எனக்காச்சும் சொல்லேன்" என்றாள் சன்னமாக.

நண்டு காலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது.

ராஜபாளையத்தில் இறங்கியபோது ராத்திரி. வாளியை முற்றத்தில் வைத்தோம். எதிர்வீட்டு நாய் வந்தது. அசல் ராஜபாளையம்; பால்வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. பாளையக்காரர் காலத்தில் வெள்ளைக்காரனின் குதிரைப் படை மேலேயே பாய்ந்த ஜாதி என்று அதன் சொந்தக்காரர் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அது வாளிக்குள் மூக்கை விட்டது.

அந்த ஊளையில் தெருவே விளக்குப் போட்டது. ராத்திரி ஷிப்டு மில் சங்கு என்று நினைத்து இரண்டு பேர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாய் சந்து முனையில் போய் நின்றுகொண்டு மூக்கை நக்கியது.

அப்பத்தா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பாத்துக்கங்கப்பா. ஒங்க ஊரு நாய எங்க ஊரு சங்கு கடிச்சிருச்சு."