ஈத்தூண்டில் கனவான்களுக்கு ஒரு விண்ணப்பம்

லண்டன் மாநகரில் 1884ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பின் நிர்வாக சபையார் சமூகத்துக்கு, தூண்டிலைக் கையால் தொட்டறியாத வாசகன் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்வது:

கனவான்களே,

இறகையும் பட்டுநூலையும் முள்ளிலே சுற்றி, ஈயென்று மீன் மயங்கும்படி ஒரு பொம்மை செய்து, அதை ஆற்றின்மேல் மிதக்கவிடுவதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்துவிட்ட தங்கள் மரபினரின் மரியாதையைப் பற்றி நான் வெகுவாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அபிப்பிராய பேதம் வந்தால் மற்ற ஜாதி மனிதர்கள் குரலை உயர்த்துவார்கள், அல்லது கையை ஓங்குவார்கள். தாங்களோ 1938இல் செய்ததுபோல முறைப்படி ஒரு விவாதக் கூட்டம் கூட்டிவிடுகிறீர்கள்.

அந்தக் கூட்டத்தின் பிரச்சினை, டிரௌட் மீனை நீர்மேல் மிதக்கும் பொய்யீயால் ஏமாற்றுவது மட்டுமே தர்மமா, நீருக்குள் சில அங்குலம் அமிழ்ந்த பொய்ப்பூச்சியால் ஏமாற்றுவதும் தர்மமா என்பது. மேலே மிதப்பதே தர்மம் என்ற மதத்துக்கு ஆசாரியர் ஹால்ஃபோர்ட். அவர் 1914லேயே காலமாகிவிட்டாராயினும், சீடர்கள் ஆசாரியரைவிட ஆசாரம் மிகுந்தவர்களாயிருப்பது எந்த மதத்துக்கும் புதிதல்லவே. எதிர்த்தரப்பில் நின்ற ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞருக்கு அப்போது வயது எழுபத்தொன்பது. அவர் செய்த குற்றம், பிடித்த மீனின் வயிற்றுக்குள் எட்டிப்பார்த்தது. எலும்பிலிருந்து மஜ்ஜையைத் தோண்டியெடுக்கும் ஒடுங்கிய நீண்ட கரண்டியொன்றை மீனின் தொண்டை வழியே செலுத்தி, உள்ளே இருந்ததை வெளியே எடுத்து, தட்டிலே நீர்விட்டுப் பரப்பிப் பார்த்தார். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை இறகு முளைத்த ஈக்களல்ல, நீருக்குள்ளேயே வளர்ந்து இன்னும் வெளிவராத இளம்பூச்சிகள். சாட்சியை இவ்வளவு நெருங்கி விசாரிப்பது வழக்கறிஞருக்கு இயல்பு. கனவான்களுக்குத்தான் அது அநாகரிகமாகப் பட்டது போலும்.

யாரும் அவரை வைததாகத் தெரியவில்லை. அதுதான் தங்கள் பண்பாட்டின் சிகரம். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தூண்டில் வீசிவந்த, வின்செஸ்டர் நகரை ஒட்டிய இட்சன் நதித்துறையை, அந்த இளம்பூச்சிகளைப் போன்ற பொய்ப்பூச்சியை நீருக்குள் அமிழ்த்தும் அவர் முறை உடன் பங்குதாரர்களுக்கு ஒவ்வாமையால், அதே ஆண்டில் அவர் விட்டு நீங்கினார். இன்று அம்முறையை உலகமெங்கும் கற்பிக்கிறார்கள். ஆயினும் இங்கிலாந்தின் சில நீர்த்துறைகளில் ஜூலை பிறக்கும்வரை அது விலக்காம். ஜூன் 30ஆம் தேதி மாலை பாவமாயிருப்பது மறுநாள் காலை புண்ணியமாகிவிடும் இந்தப் பஞ்சாங்கத்தைக் கணித்த பண்டிதரை நான் தரிசிக்க விரும்புகிறேன்.

இனி என் விண்ணப்பம். தூண்டிற்காரருக்குச் சாந்தமும் இன்சொல்லும் உபதேசித்த மகான் ஐசக் வால்டன், 1653இல் வெளியிட்ட தம் நூலால் புகழ்பெற்று, 1683இல் மறைந்து, அந்த வின்செஸ்டர் நகரத்துப் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஹால்ஃபோர்ட் மறைந்த அதே 1914இல் அங்கே வால்டனுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரமும் அமைத்தார்கள். ஆனால் அந்த மகான் மண்புழுவைக் கோத்தவர். உயிருள்ள தவளையை முள்ளில் எவ்வளவு அன்போடு மாட்டவேண்டும் என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொடுத்தவர். பொய்யீ மீன்பிடிப்பைப் பற்றிய பகுதியை 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்க அவருடைய நண்பர் காட்டன் வரவேண்டியிருந்தது. ஸ்கியூஸாவது பூச்சியைப் போன்ற ஒன்றைத்தான் கட்டினார். வால்டனோ புழுவையே கட்டினார். ஆகவே சபையார் ஒரு கூட்டம் கூட்டி, மகானின் தகுதியை ஆராய்ந்து, தக்க முறையில் அவரை விலக்கிவைத்து, சாளரத்தை என்ன செய்வதென்று ஆலயத்தாருக்கும் ஒரு யோசனை சொல்லியருள வேண்டும். அதே கூட்டத்தில், இனி நீர்மட்டத்துக்குக் கீழே ஆகாரம் கொள்வதில்லை என்று டிரௌட் மீன்களிடம் எழுத்து மூலம் ஓர் உறுதிமொழி வாங்கிவிட்டால், பின்னால் வரும் வழக்கறிஞர்களால் சபைக்கு உபத்திரவம் இராது.

பதில் எழுதத் திருவுளமாயின், "மதிப்புக்குரிய நண்பரே" என்று மட்டும் தொடங்கவேண்டாமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி விளிக்கப்பட்டவர்களைப் பிறகு ஆற்றங்கரையில் காண்பது அரிதாயிருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
கரையிலேயே நிற்கும் ஒரு வாசகன்