ஸ்ரீமான் கல்வி ஆலோசகர்

பெங்களூரில் ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட், பி.டி.எம். லேஅவுட் ஆகிய பிரதேசங்களில், அறைக்கு மூவர் வீதம் வாசம் செய்யும் பி.ஜி. விடுதிகளில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏனையோரெல்லாம் போர்த்திக்கொண்டு உறங்கும் வேளையில், இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டையும் இடுப்புக்குக் கீழே அரைக்கால் சராயும் தரித்து, காதிலே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, சுவரை நோக்கிப் புன்னகை புரிந்தபடி வீற்றிருக்கும் ஓர் இளைஞரைக் காண நேர்ந்தால், அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அவர் ஆன்லைன் கல்வி நிறுவனம் ஒன்றின் கல்வி ஆலோசகர். தகப்பனார்கள் வீட்டில் அகப்படும் நாள் ஞாயிறு ஒன்றுதான் என்பதால் அன்று அவருக்கு வேலை உச்சம். ஊரார் அனைவரும் அலுவலகம் செல்லும் செவ்வாயோ புதனோ அவருக்கு விடுமுறை. சுவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் காரணம் உண்டு: சிரித்த முகத்தோடு பேசினால் அது குரலில் தெரியும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆலோசகர் பாடம் நடத்துபவர் அல்லர். பாடம் நடத்துபவர்கள் எங்கோ ஒரு ஸ்டுடியோவில் பச்சைத் திரைக்கு முன்னால் நின்று, பின்னால் தோன்றப்போகும் சூரிய மண்டலத்தை மனத்திலே பாவித்துக்கொண்டு, வெற்று வெளியைச் சுட்டிக் காட்டிப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பாடங்களை ஒரு டேப்லெட்டில் அடைத்துக் குடும்பஸ்தர்களின் தலையில் கட்டுவதே இவருடைய உத்தியோகம். தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் தழைத்திருந்த காலத்தில், அவற்றுள் ஒன்றில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்து, நான்கு வருஷம் லேத்தோடும் வெப்ப இயக்கவியலோடும் மல்லுக்கட்டி, அரியர் இல்லாமல் தேறிய இவர், திருகாணி ஒன்றைக்கூடத் தொட அவசியமில்லாத இந்த வேலைக்கு வந்து சேர்ந்தார். என்ஜினீயரிங் படிக்காத பிள்ளை உருப்படாது என்று அந்தக் காலத்தில் யாரோ சொல்லக் கேட்டு, இவருடைய தகப்பனார் பயந்துபோய்க் காட்டை அடகு வைத்தார். இன்று இவர் பிறருடைய தகப்பனார்களிடம் அதே பயத்தை எடுத்துரைத்து ஜீவனம் செய்கிறார். இதைப் பரம்பரைத் தொழில் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் குடும்பத்துக்கு முன்அனுபவம் இல்லாத தொழில் என்றும் சொல்வதற்கில்லை.

இவருடைய சாஸ்திரத்தில் பெற்றோருக்கு ‘லீட்’ என்று பெயர். செல்பேசியில் விளையாடிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன் கைதவறி ஓர் இலவசப் பாடத்தைத் தொட்டுவிட்டான் என்றால், திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அவனுடைய தகப்பனார், தாம் லீட் ஆகிவிட்ட சமாசாரம் தமக்கே தெரியாமல், பட்டியலில் ஏறிவிடுகிறார். அன்று மாலையே அவருக்கு அழைப்பு வருகிறது.

“பையன் எப்படிப் படிக்கிறான் சார்?”

“நல்லாத்தானுங்க தம்பி படிக்கிறான். கிளாஸ்ல மூணாவது ரேங்க்.”

“அதுதான் சார் எனக்குக் கவலையா இருக்கு. அந்த முதல் ரெண்டு பேரும் எங்கே படிக்கிறாங்கன்னு விசாரிச்சீங்களா?”

அதுவரை நிம்மதியாக இருந்த மனிதருக்கு அன்று இரவு தூக்கம் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை டெமோ நிச்சயமாகிறது. டெமோவுக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்தே உட்கார வேண்டும் என்பது கண்டிப்பான நியமம். தம்பதி சமேதராய் உட்காருவது இல்லறத்துக்கு மங்களகரம் என்பதால் அல்ல; ஒருவர் மட்டும் இருந்தால், ‘அவரைக் கேட்டுச் சொல்றேன்’ என்று நழுவிவிடுவார் என்பதால். பையனுக்குப் பத்துக் கேள்விகள் தரப்படும். முதல் மூன்று அவனுக்குத் தெரியும். எஞ்சிய ஏழும் பத்தாம் வகுப்பிலிருந்து இறக்குமதியானவை. பையன் விழிக்கிறான், தாய் தகப்பனைப் பார்க்கிறாள், தகப்பன் மின்விசிறியைப் பார்க்கிறார். அந்த ஒரு நிமிஷ மௌனத்தில் ஆலோசகர் வாய் திறக்கலாகாது என்பது குருமுகமாகக் கற்ற ரகசியம்.

அப்புறம் விலைப் படலம். முதலில் மலைக்க வைக்கும் ஒரு தொகையைச் சொல்வார். தகப்பனார் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் போகும் தருணத்தில், “இருங்க சார், உங்களுக்காக எங்க மானேஜர்கிட்ட மன்றாடிப் பார்க்கறேன்” என்று லைனை மௌனமாக்குவார். மானேஜர் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். இருவரும் வடா பாவ் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு இரண்டு நிமிஷம் கழித்த பிறகு, அசாத்தியமான ஒரு சலுகை கிடைத்துவிட்டதாகவும், அது அன்று இரவு 12 மணியோடு காலாவதியாகிவிடும் என்றும் நா தழுதழுக்க அறிவிக்கப்படும். அந்த 12 மணி மறுநாளும் வரும், அதற்கு மறுநாளும் வரும் என்பது பனியன் கம்பெனிக்காரருக்குத் தெரியாது. தவணை முறையில் பணம் கட்டுவதாக எண்ணிக்கொண்டு அவர் கொடுக்கும் சம்மதம், ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் அவர் பெயரில் எழுதப்பட்ட கடன் என்பது, மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடிபடத் தொடங்கும்போதுதான் விளங்கும். அப்போது ஆலோசகரைக் கூப்பிட்டால் எண் உபயோகத்தில் இராது.

இந்த வர்க்கத்துக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. 2020-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் தேசமே கதவைச் சாத்திக்கொண்டபோது, பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டு, பிள்ளைகள் வீட்டில் அடைபட்டு, பெற்றோர் பொறுமையை இழக்கத் தொடங்கிய அந்த நாட்களில், ஆலோசகர் தேடிப் போகாமலே லீடுகள் வந்து காலில் விழுந்தன. அதற்கு முந்திய வருஷமே இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் மார்பில் பைஜூஸ் என்ற ஆன்லைன் கல்வி நிறுவனத்தின் பெயர் ஏறியாகிவிட்டது; 2022-இல் கத்தார் நாட்டில் நடந்த உலகக் கால்பந்துப் போட்டியிலும் அந்தப் பெயர் பலகைகளில் ஒளிர்ந்தது. இலவசம் என்று சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம், தானியங்கிப் பற்று முறைக்கு இசைய வேண்டாம் என்று 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகம் பெற்றோரை எச்சரித்ததை யார் படித்தார்கள்? பள்ளிகள் திறந்ததும், பிள்ளைகள் டேப்லெட்டைப் பரணில் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். 2024 ஜூலையில் பைஜூஸ் மீது திவால் நடவடிக்கைக்கு உத்தரவு பிறந்ததே, அந்த வழக்கைத் தொடுத்தவர்கள், சட்டை விளம்பரத்துக்காகத் தங்களுக்கு வர வேண்டிய 158 கோடி ரூபாய்ச் சொச்சத்தைக் கேட்டு நின்ற கிரிக்கெட் வாரியத்தார்தாம். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை இந்தத் துறைக்கு வேறு யாரும் இவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்தியதில்லை.

நம்முடைய ஆலோசகர் வேலை பார்ப்பது வேறு ஒரு சிறிய நிறுவனத்தில். ஆனால் ஆசாரங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். காலையில் இருபத்தைந்து வயதான டீம் லீடர் ஒருவர் திரையில் தோன்றி, ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று உபதேசம் செய்வார்; மாலையில், டார்கெட்டை எட்டாத குடும்ப அங்கத்தினரின் பெயர்களைச் சிவப்பு எழுத்தில் வாட்ஸ்அப் குழுவில் வெளியிடுவார். நாள் ஒன்றுக்கு இத்தனை மணி நேரம் லைனில் பேசியிருக்க வேண்டும் என்று டாக்டைம் கணக்கு ஒன்று உண்டு. அது போதாமல் தவிக்கும் நாட்களில் ஆலோசகர்கள் சொந்த சித்தப்பாவை அழைத்து, மழை, பருத்தி விலை, ஊர்த் திருவிழா முதலானவற்றை ஆதியோடந்தமாக விசாரிப்பார்கள். பையன் தங்கமானவன், மறக்காமல் பேசுகிறான் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிப் பூரிப்பார். இந்தத் துறையால் விளைந்த நன்மைகளுள் ஐயத்துக்கு இடமில்லாதது இது ஒன்றே என்பது என்னுடைய அபிப்பிராயம்.

ஆட்சேபணை எதுவானாலும் அதற்கு விடை எழுதிவைத்த ஒரு தாள் இவரிடம் உண்டு. நாளடைவில் அது கிணற்றுக் கயிறு கல்லில் பதிந்ததுபோல் இவருடைய நாவில் பதிந்துவிட்டதால் நேர்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஈரோட்டில் பெண் பார்க்கப் போயிருந்தார். பஜ்ஜி சொஜ்ஜி முடிந்து, பெண்ணின் தகப்பனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாப் பெண் வீட்டாரையும்போல, “யோசிச்சுச் சொல்றோமுங்க” என்றார். மாப்பிள்ளைக்குத் தம்மையறியாமல் முதுகு நிமிர்ந்துவிட்டது.

“எதைங்க மாமா யோசிக்கப் போறீங்க? பட்ஜெட்டா, டைமா, இல்ல நம்பிக்கையா? எதுவானாலும் இப்பவே பேசிடலாங்க. நாளைக்கு இதே ஆஃபர் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

அவருடைய தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண் உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது. பெண்ணின் தகப்பனார் மட்டும் கொஞ்சமும் அசையாமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையை வாஞ்சையோடு நோக்கினார். முப்பது வருஷமாக எல்.ஐ.சி. ஏஜெண்டாக இருப்பவர் அவர்.

“தம்பிக்கு வயசு இருபத்தாறுங்களா? அப்பா அம்மாவுக்கு ஒரே பையனுங்களா?” என்று மெல்ல ஆரம்பித்தார். “நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அம்மா யாருகிட்டப் போயி நிப்பாங்க? சொல்லுங்க பார்க்கலாம்.” சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் வாயே திறக்கவில்லை.

ஆலோசகர் தாயாரைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். இரண்டாவது காப்பி வருவதற்குள் ஜீவன் ஆனந்த் பாலிசியில் நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பிரீமியம் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளப்படும். பெண் விஷயத்தை அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.