மெய்டன் ஓவரின் பட்டா யார் பெயரில்? கெங்குவார்பட்டி நோக்கில் ஒரு முன்னாய்வு

ரன் வராத ஓவரை மெய்டன் என்று சொல்லி, அதைப் பந்து வீசியவர் பெயரில் எழுதிவைப்பது கிரிக்கெட் மரபு. இந்தப் பட்டா செல்லாது என்பது இவ்வாய்வின் துணிபு. முதற்சான்று களத்திலேயே கிடைக்கிறது. கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டி போன்ற ஊர்களில், அறுப்பு முடிந்த வயலில் ஆறு ஓவர் மேட்ச் நடக்கையில், ரன் வராத ஓவருக்காகப் பந்து வீசியவனை யார் மெச்சுகிறார்கள்? “கட்டை போடாதடா, அடி, இல்லாட்டி அவுட்டாகிட்டு வா” என்று மட்டை பிடித்தவன்மேல்தான் சொந்த அணியே பாய்கிறது. குற்றம் அவனுடையது என்றால் ஓவரும் அவனுடையதுதானே?

இந்தியப் பந்து வீச்சாளர் பாபு நாட்கர்ணியை என்ன செய்வது என்று அறிஞர் மறுக்கலாம். 1964 ஜனவரியில், சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இங்கிலாந்துக்கு எதிராகத் தொடர்ந்து 21 மெய்டன் வீசினார். முன்பின் ஓவர்களின் பந்துகளையும் சேர்த்தால் 131 பந்துகளுக்கு ஒரு ரன்கூட இல்லை. தரையில் நாணயத்தை வைத்து அதன்மேல் பந்தைக் குத்திப் பழகியவர் என்பார்கள். அவர் துல்லியத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன் என்று ஓடும் அந்தப் புகழ்பெற்ற வரி எதில் முடிகிறது? விக்கெட் பூஜ்யம். எதிரே நின்ற இங்கிலாந்து பேட்ஸ்மேன்கள் போலஸும் பாரிங்டனும் அசராமல் கட்டை போட்டிராவிட்டால் ரன் வந்திருக்கும், அல்லது விக்கெட் விழுந்திருக்கும்; சாதனை வந்திராது. ஆட்டமும் டிராவில் முடிந்தது. ரன் வராததோடு விக்கெட்டும் விழுந்த விக்கெட் மெய்டன் என்றால் சங்கதி வேறு. அதைத் தாராளமாக வீசியவருக்கே விட்டுவிடலாம்.

சட்டப் புத்தகத்தைக் காட்டுவோருக்கும் பதில் உண்டு. மட்டையில் படாமல் வரும் பை, லெக் பை ரன்கள் பந்து வீசியவர் கணக்கில் ஏறுவதில்லை. ஆக, ஆறு பந்தும் கீப்பரை ஏமாற்றி எல்லைக்கோட்டுக்கு ஓடினால் அணிக்கு 24 ரன், வீசியவருக்கு மெய்டன்! ஊர் மேட்சுகளில் ‘பைஸ் கிடையாது’ என்று முதலிலேயே பேசிவிடுவது வழக்கம். கீப்பருக்கு ஆள் பற்றாததே காரணம் என்பார்கள்; இருக்கட்டும், இரட்டைக் கணக்கு ஒழிந்ததே. ஸ்கோர் நோட்டில் ஆறு புள்ளிகளை இணைத்து எம் போடுவோர், அதைப் பேட்ஸ்மேன் பெயருக்கு நேரேயும் போட்டுக் குறைந்தது கூட்டுப் பட்டாவாவது வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.