ஜெராக்ஸ் கடையிலிருந்து பார்த்த பத்மஸ்ரீ

மாதவரம் தபால்பெட்டிப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்ப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் இந்தக் கண்ணாடி மேல்தான் குப்புறப் படுத்து எழுந்திருக்கின்றன. டி.சி., கம்யூனிட்டி, பத்தாவது மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட். மூடியைத் தூக்கும்போதே கண் மொத்த மார்க்குக்குப் போய்விடும். எதிரில் நிற்கிற பிள்ளையின் முகம் அப்புறம்தான். அது தப்பு என்று எனக்குத் தெரியும். என்னையும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தார்கள்.

நான் பி.காம். முடித்தது 1996-இல். அப்பா லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதினார். மாதவரத்தில் அப்போது பெரிய வேலை என்றால் பால்பண்ணை, அதை விட்டால் மணலி ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை. கம்ப்யூட்டர் எல்லாம் நகரத்தின் அந்தப் பக்கத்து சமாச்சாரம். ஆனாலும் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டையும் தமிழிலும் இங்கிலீஷிலும் பாஸ் பண்ணி, நாலு சர்டிபிகேட்டையும் பிரேம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தோம். சாயங்காலத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தேன். அந்தத் தெம்பில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். வாசல் மேஜையில் இருந்தவர் ஃபைலில் முதல் தாளை மட்டும் பார்த்தார். 57 சதவீதம். அவர்கள் கேட்டது 60. அடுத்த தாளைத் திருப்பாமலே ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது மூலக்கடையில் இறங்கி வீடு வரை நடந்தே வந்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க அவ்வளவு தூரம் தேவைப்பட்டது.

நான் பட்டம் வாங்கிய அதே 1996-இல்தான் ஸ்ரீதர் வேம்பு தம்பிகளோடும் நண்பர்களோடும் சேர்ந்து அட்வென்ட்நெட் கம்பெனியை ஆரம்பித்தார். இது எனக்குத் தெரிய வந்தது ரொம்ப வருஷம் கழித்து. தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். அவர் அப்பா சென்னை உயர்நீதிமன்றத்தில் ஸ்டெனோகிராபர் என்று படித்தபோது என் வீட்டுச் சுவரின் நாலு பிரேமும் ஞாபகத்துக்கு வந்தன. பிள்ளை சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-இல் முடித்து, பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கி, குவால்காமில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனிதான் 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறியது. வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமலே வளர்ந்தது. பிறகு ஜோஹோவே மற்ற இளம் கம்பெனிகளில் முதலீடு செய்தது. சாக்கடைக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று ரோபோ செய்த கேரளத்து ஜென்ரோபோட்டிக்ஸ் அதில் ஒன்று. அந்தச் செய்தியைப் படித்தபோது மனசு நிறைந்தது.

ஆனால் அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆரம்பத்தில் பெரிய காலேஜ் பிள்ளைகள் அந்தச் சின்னக் கம்பெனிக்கு வரவில்லை. கிடைத்தவர்களை எடுத்தார்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தால், மார்க்குக்கும் வேலைத் திறமைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று தெரிந்திருக்கிறது. வேறு யாராவது இருந்தால் 'சரி' என்று விட்டிருப்பார்கள். இவர்கள் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் இல்லாமல், மாதம் உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தர ஒரு பள்ளியே தொடங்கிவிட்டார்கள். 2011-இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டார்கள். பிறகு அவரே அங்கே குடியேறினார்.

ஐ.ஐ.டி.யும் பிரின்ஸ்டனும் படித்தவர் சொன்னதால்தானே 'பட்டம் தேவையில்லை' என்கிற பேச்சு சபை ஏறியது, நான் சொல்லியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும் என்று ஒரு ஆதங்கம் எனக்கு உண்டு. அவர் பேசுகிற எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனாலும் சொன்னதோடு நிற்காமல் கதவைத் திறந்து வைத்தாரே, அதற்குக் கை எடுத்துக் கும்பிடுகிறேன்.

2021 குடியரசு தினத்துக்கு முந்தின நாள் பத்ம விருதுப் பட்டியல் வந்தது. தொழில், வர்த்தகப் பிரிவில் தமிழ்நாட்டிலிருந்து ஸ்ரீதர் வேம்பு பெயர். அதே பட்டியலில் நூறு வயது தாண்டிய இயற்கை விவசாயி பாப்பம்மாள் பாட்டி, சாலமன் பாப்பையா. மறுநாள் காலையில் எங்கள் தெரு ஆள் ஒருவர் வந்து வாழ்த்து போஸ்டர் அடிக்கணும் என்றார். 'பத்மஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு அவர்கள்' என்று கொட்டை எழுத்தில். அப்படிப் போடலாமா என்று தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த விருதைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டம் மாதிரி போட்டுக்கொள்ளக் கூடாதாம். உச்ச நீதிமன்றமே 1995-இல் சொல்லியிருக்கிறது. பணமும் கிடையாது. ஒரு பதக்கம், குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். சான்றிதழைப் பார்க்காமல் பிள்ளைகளை எடுத்த மனிதருக்கு நாடு கொடுத்த மரியாதையும் ஒரு சான்றிதழ்! அன்றைக்குப் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, விருதைக் கீழ் வரியில் போட்டு அடித்துக் கொடுத்தேன். காசு வாங்க மனசு வரவில்லை.

அதே வருஷம் செப்டம்பரில், ஜோஹோவில் இருந்து வெளியே வந்து ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பித்த திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதத்தின் கம்பெனி, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் மணியடித்து ஏறியது. அந்த மணிச் சத்தமும் ஒரு மரியாதைதான். ஆனால் மாதவரம் தெருவுக்கு அது எட்டவில்லை. எட்டியது வேறு ஒன்று.

பின்வீட்டில் குடியிருந்த அம்மா, ரெட்டேரியில் டிபன் கடை வைத்திருக்கிறார். மகன் பிளஸ் டூ காமர்ஸ். ஒருநாள் இரண்டு பேரும் மார்க் ஷீட்டோடு வந்து நின்றார்கள். வழக்கம்போல் என் கண் எண்ணுக்குப் போனது. சுமார்தான்.

"ஜோஹோ ஸ்கூலுக்கு அப்ளை பண்ணணும் மாமா" என்றான் பையன். மார்க் கேட்கவில்லை, பரீட்சை வைத்துப் பார்ப்பார்களாம்.

அம்மாவுக்கு வேறு கவலை. "படிச்சு முடிச்சா டிகிரி குடுப்பாங்களாண்ணா? செவுத்துல மாட்டற மாதிரி?"

"பல்கலைக்கழகப் பட்டம் கிடையாதும்மா. வேலை கிடைக்கும்."

"அப்போ நாலு பேர் கேட்டா இன்னான்னு சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் தாண்டிப் பையன் சேர்ந்துவிட்டான். இரண்டு வருஷம் விடியற்காலையில் கிளம்பிக் கூடுவாஞ்சேரி வரை போய் வந்தான். நகரத்தின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு. வேலை எப்போதும் அந்தப் பக்கமே இருக்கிறது. நடக்கிற கால் மட்டும் எங்களுடையது. இப்போது பால்பண்ணையிலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல் மெட்ரோ பாதை போடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் மத்தளம்பாறைக்குப் போன ஆபீஸ் ஒன்று மாதவரத்துக்கு வரக் கூடாதா? லாரி ஷெட்டும் குடோனும் மட்டும்தான் எங்கள் தலையெழுத்தா? இதை யார் காதிலாவது விழும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

போன பொங்கலுக்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில், பட்டத்துக்கென்று அந்த அம்மா முன்பே அடித்து வைத்திருந்த ஆணி. லீவு நாள் என்பதால் பையனின் ஐ.டி. கார்டு நாடாவோடு அதில் தொங்கியது. மறுநாள் காலை டியூட்டிக்குப் போகும்போது எடுத்துக்கொள்வானாம்.