கைக்கு எட்டிய பொத்தான்கள்

பழைய பி.சி.யின் முகப்பில் கைவைக்க நிறைய இடம் இருந்தது. டர்போ என்றொரு பொத்தான், ரீசெட் என்றொரு பொத்தான், வட்டத் துளையுள்ள பூட்டு, அதற்கொரு சாவி, மெகாஹெர்ட்ஸ் காட்டும் சிவப்பு எண்கள், ஃப்ளாப்பியை உள்ளே வைத்துத் திருகி மூடும் தாழ்ப்பாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் வரும் பிள்ளைகள், டாஸ் கட்டளைகளைக் கேட்பதற்கு முன் இவற்றைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். "சார், இது எதுக்கு?" ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் இருந்தது. இன்று என் மேசையில் இருக்கும் மடிக்கணினியில் ஒரே ஒரு பவர் பொத்தான். அதை அமுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால், "அது செட்டிங்கைப் பொறுத்தது" என்றுதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

டர்போவை முதலில் சொல்கிறேன். 1981-இல் வந்த ஐபிஎம் பி.சி.யில் இன்டெல் 8088 சிப் இருந்தது. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். எண் இப்படி உடைந்து நிற்பதற்குக் காரணம் தொலைக்காட்சி. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறச் சமிக்ஞையைப் போல நான்கு மடங்கு, அதாவது 14.318 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் படிகம் ஒன்றை போர்டில் வைத்தார்கள். அதை மூன்றால் வகுத்து சிப்புக்குக் கொடுத்தார்கள். ஒரே படிகத்தில் திரைக்கும் சிப்புக்கும் வேலை முடிந்தது.

அந்த நாளில் விளையாட்டு எழுதியவர்கள் பலர், நேரத்தை அளக்க மெஷினின் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு வெற்று லூப்பை இத்தனை ஆயிரம் முறை ஓடவிட்டால் இவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். எல்லா மெஷினும் ஒரே வேகத்தில் ஓடியவரை அந்தக் கணக்கு பிசகவில்லை. 8, 16, 33 மெகாஹெர்ட்ஸ் என்று புது மெஷின்கள் வந்ததும், கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துபோனது. ஃப்ளாப்பி சுழலும் நேரத்தை அளந்து அசலா நகலா என்று சோதித்த சில மென்பொருள்கள், அசலையே நகல் என்றன.

அதற்காக வந்ததுதான் டர்போ பொத்தான். ஒரு நிலையில் முழு வேகம், மறு நிலையில் மெஷின் தன்னை மெதுவாக்கிக்கொள்ளும். சில போர்டுகள் கடிகாரத் துடிப்பைக் குறைத்தன, சில கேஷ் நினைவகத்தை நிறுத்திவைத்தன. சிவப்பு எண்கள் எதையும் அளக்கவில்லை. பின்னாலிருக்கும் ஜம்பர்களை அசெம்பிள் செய்தவர் எப்படிச் செருகினாரோ, அந்த எண்ணைக் காட்டின. ஆனாலும் மெஷின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது அறையின் மறுகோடியிலிருந்தே தெரிந்தது. வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் மெதுவாக்க ஒரு பொத்தான் எதற்கு என்று பிள்ளைகள் வியப்பார்கள். உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மென்பொருளைத் தூக்கியெறியச் சொல்ல மெஷினுக்கு உரிமை இல்லை, அதனால்தான் என்று சொல்வேன். இன்றும் அப்படியேதான் நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பொத்தான் கேபினெட்டுகளிலிருந்து போய்விட்டது. கொஞ்ச காலத்திலேயே பழைய பிரச்சினை வேறு உருவில் திரும்பியது. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் பல, சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய சிப்புகளில் தொடங்கும்போதே 'ரன்டைம் எரர் 200' என்று நின்றன. அந்த மொழியின் சி.ஆர்.டி. யூனிட், ஆரம்பத்தில் சிப்பின் வேகத்தை அளந்து ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும். புது வேகத்தில் அந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. மெதுவாக்கிப் பார்க்கலாம் என்றால் பொத்தான் இல்லை. இன்றைய சிப்புகள் சூட்டையும் சுமையையும் பார்த்துத் தாமே வேகத்தை ஏற்றி இறக்குகின்றன. இன்டெல் 2008-இல் கொண்டுவந்த டர்போ பூஸ்ட் அந்த வகைதான். பேட்டரி நீடிக்கிறது, விசிறி அடங்குகிறது, எனக்கு மகிழ்ச்சியே. வேகத்தை இப்போது தீர்மானிப்பது யார் என்பது மட்டும் மாறிவிட்டது.

ஹார்ட் டிஸ்கைப் பார்க் செய்வது அன்று இன்னொரு கடமை. 20 மெகாபைட் கொண்ட அந்தப் பழைய டிஸ்குகளில் மின்சாரம் நின்றால், படிக்கும் ஹெட் அப்போது எங்கே இருந்ததோ அங்கேயே தட்டின்மேல் இறங்கும். அந்த நிலையில் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி ஒரு பள்ளத்தில் இறக்கினால் தகவல் கீறிப்போகும். அதனால் சர்வீஸ் செய்யும் அண்ணன், பெட்டியைத் தூக்குமுன் 'பார்க்' கட்டளையைக் கொடுத்து, ஹெட் எழுத்தில்லாத பகுதிக்குப் போனதும்தான் சுவிட்சை அணைப்பார். பின்னால் வந்த டிஸ்குகள் கரண்ட் போன நொடியே தாமாக ஹெட்டை ஒதுக்கிக்கொண்டன. இது நல்ல மாற்றம். மனிதர் மறந்துவிடக்கூடிய வேலையை மெஷினே செய்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

என் வருத்தம் ஃப்ளாப்பியின் ஸ்டிக்கரைப் பற்றியது. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியின் ஓரத்தில் ஒரு சதுர வெட்டு இருக்கும். அதை ஸ்டிக்கரால் மூடிவிட்டால் டிரைவ் அதில் எழுதாது. மூன்றரை அங்குலத்தில் அதே வேலைக்கு ஒரு சறுக்குத் துண்டு. இந்தத் தடை டிரைவின் மின்சுற்றிலேயே இருந்தது. எந்த மென்பொருள் என்ன கட்டளை கொடுத்தாலும் எழுத்து நடக்காது. 1986-இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ், ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் குடியேறி வட்டுக்கு வட்டு தாவியது. ஸ்டிக்கர் ஒட்டிய வட்டில் அதனால் ஏற முடியாது. எங்கள் சென்டரின் மூல வட்டுகள் எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் இருந்தது. யார் கையில் கொடுத்தாலும் அப்படியே திரும்பி வந்தன.

இன்று ஒரு மருத்துவமனையோ பள்ளியோ நகலெடுத்து வைத்திருக்கும் டிஸ்கை மெஷினில் செருகும்போது, உள்ளே ரேன்சம்வேர் காத்திருந்தால் நகலும் சேர்த்துப் பூட்டப்படும். பெரும்பாலான பென் டிரைவில் 'எழுதாதே' என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை. எஸ்.டி. கார்டின் ஓரத்தில் பூட்டுத் துண்டு இருக்கிறது, ஆனால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கார்டுக்கே தெரியாது. கார்டு ரீடர்தான் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கேட்பதும் கேட்காததும் கம்ப்யூட்டரின் விருப்பம்.

சுவிட்சிலும் இதே கதை. அன்றைய பெட்டியில் சுவிட்சைத் தட்டினால் 230 வோல்ட் அங்கேயே அறுபடும். 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறையில், பொத்தான் போர்டுக்கு ஒரு சமிக்ஞையை மட்டும் அனுப்புகிறது. கோப்புகளைப் பத்திரமாக மூடிவிட்டு மெஷின் தானே அணைகிறது. அணைந்த பிறகும் உள்ளே ஐந்து வோல்ட் விழித்திருக்கிறது. கோப்புகள் கெடாமல் இருக்க இது உதவியது உண்மை. மெஷின் சிக்கிக்கொண்டால் நான்கு நொடி அழுத்திப் பிடிக்கவேண்டும் என்பதை என் அம்மாவுக்கு எத்தனையோ முறை தொலைபேசியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நிறுத்தும் அதிகாரம் தன் விரலில் இருக்கிறது என்பதை அவர் யாரும் சொல்லாமலே அறிந்திருக்கவேண்டும்.

பழைய பொத்தான்கள் எல்லாம் திரும்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. டர்போ பொத்தானும் 'பார்க்' கட்டளையும் தம் வேலையை முடித்துவிட்டுப் போயின. ஆனால் மூன்று காரியங்களில் கடைசிச் சொல் மென்பொருளுக்கு அப்பால், மனிதர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்: எழுதாதே, பார்க்காதே, நில். இது நடக்காத காரியம் அல்ல. சில மடிக்கணினிகளில் கேமராவை மறைக்கும் சறுக்கு மூடி வந்துவிட்டது. லிப்ரெம் மடிக்கணினிகளில் கேமராவையும் மைக்கையும் மின்சுற்றிலேயே துண்டிக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. எழுத்தைத் தடுக்கும் சுவிட்சோடு பென் டிரைவ் செய்பவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர்கள் குறைவாக இருப்பதால்தான் அவை கடையின் பின் அலமாரியில் கிடக்கின்றன. அடுத்த முறை மெஷின் வாங்கப் போகும்போது ரேம் எவ்வளவு, ஸ்பீடு எவ்வளவு என்று விசாரித்த பிறகு, என் மாணவர்கள் கேட்டதையும் கேளுங்கள். கேமராவை எப்படி மூடுவது, வட்டில் எழுதவிடாமல் எப்படித் தடுப்பது என்று விற்பவர் காட்டட்டும். காட்ட முடியாத பெட்டியைவிட, காட்ட முடிந்த பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது நியாயம்.