முதலில் வழி, பிறகு வாசல்

கேள்வி: ஊருக்கு வெளியே பிரமாண்டமாகப் பேருந்து நிலையம் கட்டுகிறார்கள். ஆனால், அங்கே போய்ச் சேர்வதே தனிப் பயணமாகிவிடுகிறதே, ஏன்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இலை போட்டுப் பந்தியில் உட்கார வைத்தபிறகு உலை வைத்தால் இப்படித்தான்! சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பக்கத்திலேயே மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்த மூத்தவர்கள் பட்ட பாடு மனசைப் பிசைகிறது.

காரணம் இதுதான்: நிலத்தைத் திட்டமிடுவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., பஸ் விடுவது போக்குவரத்துக் கழகம், ரயில் மத்திய அரசிடம். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் 2010-ல் 'கும்டா' என்ற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் வந்தது. முதல்வர் தலைமையில் அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் கூடியது 2022 நவம்பரில்!

பிரேசிலின் குரிச்சிபா நகரமோ 1974-லேயே பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட்டது. உயரமான குடியிருப்புகளை அந்தப் பாதைகளை ஒட்டியே வளரவிட்டது. வீடுகளைத் தேடி பஸ் அலையவில்லை. பஸ் போகும் வழிக்கு வீடுகள் வந்தன. அங்கே நகரத்துக்கும் போக்குவரத்துக்கும் திட்டம் ஒன்றுதான்.

உங்கள் பகுதிக்குப் புதுத் திட்டம் வந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். "கைக்குழந்தையோடு வருகிறவர் இங்கே எப்படி வந்து சேருவார்?" என்று முதல் ஆளாக எழுந்து கேளுங்கள்.